ரோட்டு டயருக்குத் தண்ணீர் எதற்கு? (டிராக் ரேஸ் – drag, நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் சீறும் பந்தயம்; செட்டிபாளையம்)

சூலூர் லேத்:
வாட்ஸ்அப் குழுவில் பொள்ளாச்சி நண்பர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "டிராக் ரேஸில் டயருக்கு அடியில் தண்ணீர் ஊற்றிச் சுற்றுங்கள், அப்போதுதான் சூடேறித் தரையைப் பிடிக்கும்" என்கிறார். புதுப் பையன்கள் படிக்கிற இடம் அது. ரோட்டு டயரைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. டயர் மேல் கட்டைகட்டையாக இருக்கிற பட்டன் இடுக்கில் ஈரம் தங்கி, ஸ்டார்ட் கோட்டில் வந்து சொட்டும். கிளட்சை விட்டதும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். தண்ணீரில் இறங்காமல் ஒதுங்கி வந்து, காய்ந்த தாரில் இரண்டு மூன்று நொடி சுற்றினால் போதும். ஒட்டிய மண்ணும் பொடிக்கல்லும் போய்விடும்.

பொள்ளாச்சி 402:
எழுதியது நான்தான், ஒளிக்கவில்லை. அமெரிக்காவில் பெரிய வண்டிக்காரர்கள் எல்லாம் தண்ணீரில் இறங்கித்தான் புகை கிளப்புகிறார்கள். பந்தயத் தடத்திலேயே அதற்கென்று இடம் ஒதுக்கி நனைத்து வைக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாதது உங்க லேத் பட்டறையில் தெரிந்துவிட்டதாக்கும்? காய்ந்த தரையில் சுற்றினால் கிளட்ச் பிளேட் கருகும், ஆக்சில் முறியும். தண்ணீர் வேணும்.

சூலூர் லேத்:
பட்டறையை இழுக்காதீங்க, அதில்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அவர்கள் ஓட்டுவது ஸ்லிக். மொழுக்கென்று இருக்கும், ஈரம் ஒளிய இடுக்கு கிடையாது. அவர்களும் தண்ணீருக்குள் நின்று சூடாக்குவதில்லை. டயரை நனைத்து, குட்டையைத் தாண்டி நிறுத்தி, அப்புறம்தான் மிதிக்கிறார்கள். ஈரம் சக்கரம் சுற்றத் தொடங்குவதற்கு மட்டும். சூடு வருவது உரசலில். ஸ்லிக் ரப்பர் சூடேறினால் பசை மாதிரி ஒட்டும், காற்றும் பத்துப் பன்னிரண்டு பிஎஸ்ஐதான் வைப்பார்கள். நம் ஹேட்ச்பேக் காரில் முப்பது இருக்கும். அந்த டயரை ரொம்பச் சுட்டால் மேல்தோல் வழவழத்துப் பிடிப்பே போய்விடும்.

ஈரோடு ஆர்எக்ஸ்:
இருவரும் எந்த டயரைப் பற்றிப் பேசுகிறீர்கள்? ஸ்லிக்கா, ரோட்டு டயரா? காரா, பைக்கா? அதை முதலில் சொல்லுங்க. என் ஆர்எக்ஸ் 100 பைக்குக்குத் தண்ணீரே காட்டியதில்லை. முன் பிரேக்கைப் பிடித்து ஒரு சுற்று, கோணித் துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

பொள்ளாச்சி 402:
98 சிசி வண்டியெல்லாம் இந்தப் பேச்சில் சேராதுங்க. தண்ணீர் வேணும் என்றால் வேணும்.

ஈரோடு ஆர்எக்ஸ்:
ஏனுங்க சேராது? போன தடவை எங்கள் டூ ஸ்ட்ரோக் முன்னால் போனபோது உங்கள் கார் கோட்டிலேயே புகை விட்டுக்கொண்டு நின்றதே, அதை ஊரே பார்த்தது.

பொள்ளாச்சி 402:
அன்று கிளட்ச் போயிருந்தது. அதைப் பத்து தடவை சொல்லியாச்சு.

கொடிக்காரி, கோவை:
ஸ்டார்ட் கோட்டில் நிற்பது நாங்கள். உங்கள் சண்டைக்கு நடுவில் ஒன்று சொல்கிறேன். ஒரு கார் தண்ணீரில் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வந்து நின்றது. முன் மட்கார்டுக்கு உள்விளிம்பில் வரிசையாகத் துளிகள். ஒவ்வொன்றும் டயருக்கு முன்னால் பொட்டுப் பொட்டென்று விழுந்தது. குனிந்து துடைத்தோம், எழுந்திருப்பதற்குள் மறுபடி விழுந்தது. அடுத்து வந்த பையன் அதே ஈரத்தில் வழுக்கி ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போனான். தண்ணீர் ஊற்றியவருக்கு ஒன்றும் ஆகவில்லை, பின்னால் வந்தவனுக்குத்தான்.

சூலூர் லேத்:
இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். இடுக்கில் ஈரம்!

பொள்ளாச்சி 402:
துடைக்காதது உங்கள் தப்பு. தண்ணீர் மேல் பழி போடாதீங்க.

கொடிக்காரி, கோவை:
துடைத்தோம் என்றுதானே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுப் பேசுங்க.

அவிநாசி பைபாஸ்:
அண்ணா, இதுக்கெல்லாம் எதுக்கு ரேஸ் மைதானம்? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எங்க பைபாஸ் காலியாத்தான் கிடக்கும். அங்கேயே சுத்திப் பாத்துடலாம்.

சூலூர் லேத்:
தம்பி, இந்தப் பேச்சு இங்கே வேண்டாம். கார் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் செட்டிபாளையத்தில் ரேஸ் மைதானமே இருக்கிறது. 2005ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் நம் கோயமுத்தூர்க்காரர். அப்படிப்பட்ட ஊரில் லாரி வருகிற ரோட்டில் சுற்றுவேன் என்கிறாயே! பால்காரர் வருவார், நூற்பாலை ஷிப்ட் முடிந்த பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

அவிநாசி பைபாஸ்:
சும்மா சொன்னேன்ணா. எல்லாத்துக்கும் பாடம் எடுக்கறீங்க.

பொள்ளாச்சி 402:
அவர் அப்படித்தான். என் காற்று அளக்கிற கேஜை வாங்கிப் போய் எட்டு மாதம் ஆகிறது, திரும்பி வரவில்லை. அதை வைத்துத்தான் பன்னிரண்டு, முப்பது என்று கணக்குச் சொல்கிறார்.

சூலூர் லேத்:
கேஜ் முள் உடைந்து இருந்தது, நான்தான் பழுது பார்த்து வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு தடவை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. நம் ஹேட்ச்பேக் முன்சக்கரம் இழுக்கிற வண்டி. ஹேண்ட் பிரேக்கைப் போட்டால் பின்பக்கம் பிடித்து நிற்கும், முன்சக்கரம் காய்ந்த தரையில் தாராளமாகச் சுற்றும். கிளட்ச் கருகும் என்றால் அரைக் கிளட்சில் வைத்துத் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம். தண்ணீர் எதற்கு?

ஈரோடு ஆர்எக்ஸ்:
ஸ்லிக்கா, ரோட்டு டயரா என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

பொள்ளாச்சி 402:
கேஜை ஈரோட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்புங்க, நான் சூலூர்ப் பக்கம் வர மாட்டேன். தண்ணீர் வேணும்.

சூலூர் லேத்:
இடுக்கில் ஈரம் நிற்கும்.