கட்டுவிரியனா, வெள்ளிக்கோல் வரையனா? அடையாளம் காண உதவுங்கள்

இடம் திண்டுக்கல் பக்கம், சிறுமலை அடிவாரத் தோட்டத்து வீடு. மழை தொடங்கியதிலிருந்து இரவில் ஒரு பாம்பு வருகிறது. ஒன்றரை அடி நீளம், கரும்பழுப்பு, குறுக்கே வெள்ளைப் பட்டைகள். கொடிய நஞ்சுள்ள கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலிகூடத் தெரியாது. தரையில் படுக்கும் அப்பாவைக் கட்டிலுக்கு மாற்றி, கொசுவலையும் கட்டிவிட்டோம்.

பட்டைகளைப் பார்த்தோம். கட்டுவிரியனுக்கு அவை இரட்டை இரட்டையாக, கழுத்துக்குக் கொஞ்சம் தள்ளித் தொடங்கி வால் பக்கம் தெளிவாகும். நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையனுக்குக் கழுத்தருகே தொடங்கி வால் பக்கம் மங்கும் என்கிறார்கள். இதற்குக் கழுத்திலிருந்தே பட்டை இருக்கிறது. ஆனால் கட்டுவிரியன் குட்டிக்கும் முன்பக்கம் பட்டை தெளிவாக இருக்குமாமே, அங்கேதான் குழப்பம். கட்டுவிரியனைப்போல முதுகு நடுவில் பெரிய அறுகோணச் செதில் இருக்கிறதா என்று போன் படத்தைப் பெரிதாக்கினால் எல்லாம் மங்குகிறது. சுவரில் பல்லியைத் துரத்தி ஏறியது, அது வெள்ளிக்கோல் வரையனின் பழக்கம்தான். அதை மட்டும் நம்பி முடிவெடுக்க மனமில்லை. பாம்பு பிடிப்பவர் வருவதற்குள் மறைந்துவிடுகிறது. அடிக்கவும் விருப்பமில்லை.

குட்டியாக இருந்தாலும், டார்ச் வெளிச்சத்தில் எட்ட நின்றே இரண்டையும் பிரித்தறிய நம்பகமான அடையாளம் எது?