லண்டனில் உள்ள முன்னாள் கவுன்சில் வீட்டுக்கு 21,600 பவுண்டு சர்வீஸ் சார்ஜ்: புதுச்சேரியிலிருந்து ஆட்சேபிக்க முடியுமா?

கேள்வி (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர் என்பதால் எங்கள் குடும்பத்தில் சிலர் பாரீசுக்கும் நான் லண்டனுக்கும் பிழைப்புக்காகச் சென்றோம். 2006இல் தென்கிழக்கு லண்டனில், கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி மன்றம் கட்டிய நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில் இரண்டு படுக்கையறை வீட்டை வாங்கினேன். முன்பு அங்கே கவுன்சிலின் வாடகைதாரராக இருந்தவர், ‘ரைட் டு பை’ திட்டத்தின் கீழ் 1989இல் அதை 125 ஆண்டு லீஸில் வாங்கி, பின்னர் எனக்கு விற்றார். தாயாரைக் கவனித்துக்கொள்வதற்காக நான் 2019இல் ஊர் திரும்பிவிட்டேன். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன்.

கட்டடப் பராமரிப்புக்காக ஆண்டுதோறும் வரும் சர்வீஸ் சார்ஜை ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. பெரிய வேலைகளுக்கு முன் லீஸ்தாரர்களின் கருத்தைக் கேட்டு 2024 நவம்பரில் கவுன்சில் அனுப்பிய 20ஆம் பிரிவு அறிவிப்பு, அங்கே குடியிருப்பவர் மூலம் என் கைக்கு வந்தபோது, ஃபெஞ்சல் புயலின் தண்ணீர் எங்கள் தெருவில் வடியாமல் நின்றிருந்தது. வீட்டைச் சரிசெய்யும் அலைச்சலில் அதற்குப் பதில் எழுதவில்லை. முப்பது நாள் கெடுவும் கடந்துவிட்டது. இப்போது கூரை, சன்னல்கள், கான்கிரீட் பழுதுபார்ப்பு, சாரம் கட்டும் செலவு, நிர்வாகக் கட்டணம் என்று என் பங்குக்கு மட்டும் 21,600 பவுண்டுக்கு மதிப்பீட்டு பில் வந்திருக்கிறது. சன்னல்களில் ஒரு குறையும் இல்லை என்று குடியிருப்பவர் உறுதியாகச் சொல்கிறார்.

பணம் கட்ட மறுத்தால் வீட்டைப் பறித்துக்கொள்வார்களா? கட்டிவிட்டால் பிறகு ஆட்சேபிக்கும் உரிமை போய்விடுமா? லண்டனில் 15,000 பவுண்டுதான் உச்சவரம்பு என்று ஒரு நண்பர் சொன்னது எனக்கும் பொருந்துமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (மஞ்சக்குப்பம், கடலூர்)

ஐயா, வணக்கம். என் மகள் லண்டனில் இதே வகையான வீடு ஒன்றை வைத்திருக்கிறாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு வந்த பில்லை வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்டவர்களில் நானும் ஒருத்தி என்பதால் எழுதுகிறேன்.

உச்சவரம்பு உங்களுக்குப் பொருந்தாது. 2014இல் வந்த அந்த விதி, குறிப்பிட்ட மத்திய அரசு நிதியில் நடக்கும் வேலைகளுக்கு மட்டுமானது. அந்த வீட்டையே தம் முதன்மை இருப்பிடமாகக் கொண்டு வாழ்பவருக்கு, ஐந்தாண்டுக் காலத்தில் லண்டனில் 15,000 பவுண்டு, பிற இடங்களில் 10,000 பவுண்டு என்று வரம்பு வைத்தது. நீங்கள் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பதால் அதை எதிர்பார்க்க வேண்டாம். ‘ரைட் டு பை’ விற்பனையின்போது தந்த மதிப்பீட்டுக்கு மேல் வேலைச் செலவைக் கேட்க முடியாது என்ற ஐந்தாண்டுப் பாதுகாப்பும் 1989 லீஸுக்கு என்றோ முடிந்துவிட்டது.

உங்களுக்கு உண்மையான துணை 1985ஆம் ஆண்டின் நிலவுடைமையாளர், குத்தகையாளர் சட்டம்தான். அதன் 19ஆம் பிரிவின்படி, செலவு நியாயமாகச் செய்யப்பட்டிருக்க வேண்டும், வேலையும் நியாயமான தரத்தில் இருக்க வேண்டும். வேலைக்கு முன்பே முன்பணமாகக் கேட்கும் தொகைக்கும் நியாய அளவு உண்டு. முப்பது நாளில் பதில் எழுதவில்லை என்பதற்காக இந்த உரிமை போய்விடாது. கலந்தாலோசனை என்பது வேறு, தொகை நியாயமானதா என்ற கேள்வி வேறு.

உங்களுக்கு வந்த அறிவிப்பு எந்த வகை என்று முதலில் பாருங்கள். ஒரு வேலைக்காக எந்த ஒரு லீஸ்தாரரும் 250 பவுண்டுக்கு மேல் கட்ட நேரும்போது கவுன்சில் கலந்தாலோசிக்க வேண்டும். பொதுவாக, வேலை செய்யப்போகிறோம் என்ற அறிவிப்பு, பிறகு ஒப்பந்ததாரர்களின் விலை மதிப்பீடுகள் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் முப்பது நாள். ஆனால் பல கவுன்சில்கள் முன்கூட்டியே ஒரே ஒப்பந்ததாரரோடு நீண்டகால ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றன. அந்த ஒப்பந்தத்தின் கீழ் நடக்கும் வேலைக்கு ஓர் அறிவிப்பு போதும், வேறு ஒப்பந்ததாரரைப் பரிந்துரைக்கும் உரிமையும் உங்களுக்கு இருக்காது. முறைப்படி கலந்தாலோசிக்காவிட்டால் உங்கள் பங்கு 250 பவுண்டோடு நிற்கும் என்று சட்டம் சொன்னாலும், அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். இத்தகைய தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் அந்த விதியிலிருந்து கவுன்சிலுக்கு விலக்கு அளிக்கலாம். அந்தத் தவறால் உங்களுக்கு உண்மையில் என்ன பாதிப்பு என்றுதான் அப்போது பார்ப்பார்கள். 2013இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்த்தது.

என் கருத்தில் உங்கள் வலுவான இடம் சன்னல்கள். பழுதுபார்ப்பது ஒன்று, மேம்படுத்துவது மற்றொன்று. லீஸ் அனுமதிக்காவிட்டால் மேம்பாட்டுச் செலவைக் கேட்கவே முடியாது. அனுமதித்தாலும், லண்டனின் ஹவுன்ஸ்லோ கவுன்சில் சன்னல்களையும் அவற்றோடு வெளிப்பூச்சுப் பலகைகளையும் மாற்றியது தொடர்பான வழக்கில், விருப்பத்தின்பேரில் செய்யும் மேம்பாடுகளுக்கு லீஸ்தாரர்களின் கருத்தையும் பணவசதியையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே சன்னல்களின் இன்றைய நிலையைப் படமெடுத்து அனுப்பும்படி குடியிருப்பவரிடம் இப்போதே கேளுங்கள். சாரம் கட்டி வேலை தொடங்கிய பின் அந்தச் சாட்சியம் கிடைக்காது. முடிந்தால் அங்கேயே ஒரு கட்டடச் சர்வேயரின் அறிக்கையும் வாங்குங்கள். ‘அதிகமாக இருக்கிறது’ என்று நாம் சொல்வதற்கும் அவர் எழுத்தில் சொல்வதற்கும் தீர்ப்பாயத்தில் மதிப்பு வேறு.

மறுமொழி 2 (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

நான் ஓய்வு பெற்ற வழக்கறிஞன். ஆங்கிலேய நிலச் சட்டம் என் தொழில் அல்ல, தம்பி மகளின் வீட்டுக்காகப் படித்தது. மேலே அம்மா எழுதியவற்றோடு ஒத்துப்போகிறேன்.

நம் ஊரில் ‘லீஸுக்கு விட்டேன்’ என்றால் மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வாடகையின்றிக் குடியிருக்க விடுவது. ஃபிளாட் வாங்கினால் நிலத்தில் யூ.டி.எஸ். என்னும் பிரிக்கப்படாத பங்கு நம் பெயரில் பதிவாகும். அங்கே அப்படியில்லை. நிலமும் கட்டடமும் கவுன்சிலுடையவை. உங்களிடம் இருப்பது ஆண்டுக் கணக்கில் அளந்த உரிமை மட்டுமே. இதனால்தான் லீஸ் பத்திரத்தில் எழுதியிருக்கும் ஒவ்வொரு சொல்லும் பணமாகிறது.

வீட்டைப் பறிப்பது பற்றி: சர்வீஸ் சார்ஜ் பாக்கிக்காக லீஸை ரத்து செய்ய வேண்டுமானால், அந்தத் தொகையை நீங்கள் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அல்லது தீர்ப்பாயமோ நீதிமன்றமோ அது செலுத்த வேண்டிய தொகைதான் என்று முடிவு செய்திருக்க வேண்டும். இன்று பில், நாளை பூட்டு என்று நடக்காது. ஆனால் மௌனமாகப் பணத்தை நிறுத்திவைப்பது ஆபத்து. பாக்கிக்காகக் கவுன்சில் நீதிமன்றம் போகலாம், வட்டி ஏறலாம், வீட்டின் மீது அடமானக் கடன் இருந்தால் வங்கிக்கே எழுதலாம்.

பணம் கட்டிவிட்டதாலேயே ஒப்புக்கொண்டதாகாது என்று அம்மா குறிப்பிட்ட 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஏ பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆயினும் கட்டும்போது, ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். ‘சம்மதம்’ என்று பொருள்படும் எதையும் எழுதாதீர்கள். பில்லோடு உங்கள் உரிமைகளையும் கடமைகளையும் விளக்கும் சுருக்கத் தாள் இணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால், வந்து சேரும்வரை பணத்தை நிறுத்திவைக்கச் சட்டமே இடம் தருகிறது. வேலை முடிந்து இறுதிக் கணக்கு வரும்போது தேதிகளைக் கவனியுங்கள்: செலவாகிப் பதினெட்டு மாதங்களுக்குள் பில்லோ எழுத்து அறிவிப்போ வராத தொகையைப் பிறகு கேட்க முடியாது.

இங்கிலாந்தில் இதை விசாரிப்பது முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் சொத்துப் பிரிவு. இரு தரப்பும் இசைந்தால் ஆவணங்களைக் கொண்டே முடிவு செய்வார்கள் என்பதால் நீங்கள் விமானம் ஏற வேண்டியதில்லை. கவுன்சில் தன் வழக்குச் செலவையே சர்வீஸ் சார்ஜில் சேர்த்துவிடாமல் தடுக்க, 20சி பிரிவின்படி ஓர் உத்தரவையும் அதே விண்ணப்பத்தில் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, லாஸ்பேட்டை முகவரியையும் மின்னஞ்சலையும் கவுன்சிலுக்கு எழுத்தில் கொடுங்கள். குடியிருப்பவரின் நல்ல மனத்தை நம்பிக் கெடுக்களை எண்ண முடியாது.

கேள்வி கேட்டவர், இரண்டு வாரங்களுக்குப் பின்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. லீஸ் பத்திரத்தை முதன்முறையாக முழுவதும் படித்தேன். அதில் ‘கட்டடம்’ என்பதற்கு எங்கள் பிளாக் மட்டுமே வரைபடத்தில் சிவப்புக் கோட்டால் குறிக்கப்பட்டிருக்கிறது. பில்லில் உள்ள கான்கிரீட் பழுதுபார்ப்போ பக்கத்து பிளாக்கையும் சேர்த்துக் கணக்கிட்டதாகத் தெரிகிறது. அதைச் சுட்டி, வேலைவாரியாகவும் பிளாக்வாரியாகவும் செலவு விவரம் கேட்டு எழுதியிருக்கிறேன். கூரை உண்மையிலேயே ஒழுகுகிறது, அதை நான் மறுக்கவில்லை. அந்தப் பங்கை மட்டும் ஆட்சேபக் குறிப்போடு செலுத்திவிட்டேன். சன்னல் படங்கள் வந்துவிட்டன.

மறுமொழி 1

நல்ல தொடக்கம், ஐயா. அதே பிளாக்கில் மற்ற லீஸ்தாரர்கள் எத்தனை பேர் என்று குடியிருப்பவர் மூலம் விசாரியுங்கள். என் மகளோடு ஐந்து வீட்டார் ஒன்றாகக் கையெழுத்திட்டுச் சர்வேயர் கட்டணத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தக் கூட்டுக் கடிதம் போன பிறகுதான் வேலைவாரியான விவரமே வந்தது.