பொர்ரோவுக்கு 'தாரைக்கெண்டி' என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்பெயினின் கட்டலோனியாவில் ஒயின் குடிக்கும் கலமான பொர்ரோவுக்குத் தமிழில் 'மதுக்குடுவை' போதும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. குடுவை என்றால் வயிறு பெருத்து வாய் சிறுத்த பாத்திரம் கண்ணில் வருகிறது, குடிக்கும் விதம் வருவதில்லை. இந்தக் கலத்துக்கு உயிரே அதில்தான் இருக்கிறது.

கட்டலோனியாவில் சாப்பாட்டு மேசை நடுவே ஒரே ஒரு பொர்ரோவை வைப்பார்கள். கண்ணாடிக் கலம். ஒயின் ஊற்ற ஒரு கழுத்து, பக்கவாட்டில் கூம்பிப் போகும் மூக்கு, அதன் நுனியில் சிறு துளை. முதலில் உதட்டுக்குக் கிட்டே சாய்த்து, தாரை விழுந்ததும் கையை மெல்ல நீட்டி உயர்த்த வேண்டும். வாயை மூடாமலே விழுங்க வேண்டும். போதும் என்றால் மறுபடி அருகே கொண்டுவந்து சட்டென்று நிமிர்த்த வேண்டும், இல்லாவிட்டால் சட்டையெல்லாம் ஒயின். யார் உதடும் படாததால் தம்ளரே இல்லாமல் பந்தி முழுக்கக் கைமாறும்.

இது நமக்குப் புதிதா என்ன? வேலூரில் எங்கள் ஆயா சொம்பைக் கையில் கொடுக்கும்போதே, "வாய் வெச்சிக் குடிக்காத, தூக்கிக் குடி" என்பார். எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கத் தெரிந்தவர்கள் நாம். அந்தப் பழக்கம் சொல்லிலும் தெரிய வேண்டும்.

மூக்கு வைத்த கலத்துக்குக் கெண்டி என்ற பெயர் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. மலாய்க்காரர்களும் கெண்டி என்றே சொல்கிறார்கள். தாரை, கல்யாணத்தில் தாரை வார்க்கும்போது கேட்டுப் பழகிய சொல். இரண்டையும் சேர்த்தால் தாரைக்கெண்டி.

'மொந்தை' வேண்டாம். அதற்கு மூக்கு கிடையாது, கள்ளோடு ஒட்டிய சொல் வேறு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருந்தும் பழமொழியில் அந்தச் சொல் நன்றாகவே வாழ்கிறது.

அப்புறம், இத்தாலியின் ஆவொஸ்தா பள்ளத்தாக்கில் ஒரு நட்புக் கிண்ணம் இருக்கிறது. மரத்தில் செய்தது, மூடி போட்டது, சுற்றிலும் பல மூக்குகள். சூடான காப்பியில் கிராப்பா சாராயமும் சர்க்கரையும் கலந்து, ஆளுக்கொரு மூக்கில் வாய் வைத்துக் குடித்துவிட்டு அடுத்தவருக்குத் தருவார்கள். அதில் தாரை இல்லை. பன்மூக்குக் கெண்டி எனலாம்.

காட்பாடி பக்கம் கரிகிரியில் மண்பாண்டம் வனைபவர்கள் அந்த மூக்கை எப்படிச் சொல்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டு வருகிறேன். நல்ல சொல் கிடைத்தால் பன்மூக்கை மாற்றிக்கொள்ளலாம். தாரைக்கெண்டியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.