எலிப்டிகல் கிராஸ் ட்ரெய்னர்: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புடையீர்,

வீட்டு உடற்பயிற்சிக் கருவிகளுக்கான வாங்குவோர் கையேட்டில் ட்ரெட்மில்லை ‘நடைப்பொறி’ என்று எழுதியாயிற்று. அடுத்தது எலிப்டிகல் கிராஸ் ட்ரெய்னர்: நின்றபடி இரு மிதிகளை நீள்வட்டமாகச் சுழற்றும் கருவி. ‘குறுக்கு’ என்று பெயர்த்தால் பொருள் கெடும். நடை, ஓட்டம், படியேற்றம் மூன்றின் அசைவும் ஒரே கருவியில் கலந்திருப்பதையே கிராஸ் இங்கே சுட்டுகிறது. ட்ரெய்னரைப் ‘பயிற்சியாளர்’ என்றால் அது ஆளாகிவிடும். ‘நீள்வட்ட நடைப்பொறி’ என்று முன்வைக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

----

> ‘நீள்வட்ட நடைப்பொறி’

‘நடை’யை ஏற்க இயலவில்லை, ஐயா. நடையில் பாதம் தரையை விட்டு எழும், மறுபடி குதிகால் ஊன்றும். இக்கருவியில் பாதம் மிதியை விட்டு எழுவதே இல்லை. ஊன்றும் அதிர்வு மூட்டுக்கு ஏறாததற்கு அதுவே காரணம். மூட்டுவலிக்காரர்கள் ட்ரெட்மில்லை விட்டு இதைத் தேடுவதும் அதனால்தான். அந்த வேறுபாட்டைப் பெயரே மறைக்கக் கூடாது.

‘நீள்வட்ட மிதிபொறி’ எனலாம். மிதிவண்டி போல வினைத்தொகை, ஆகவே ‘ப்’ மிகாது. வினைச்சொல்லும் கூடவே கிடைக்கிறது: “அரை மணி நேரம் மிதித்தேன்.”

----

மிதிபொறிக்கு என் ஆதரவு. நீள்வட்டம் பற்றி ஒரு திருத்தம்: மிதியின் பாதை கணக்குப்படி முழு நீள்வட்டம் அன்று. மிதியைத் தாங்கும் நீண்ட சட்டத்தின் ஒரு முனை கிராங்கோடு (சுழலும் கைத்தண்டு) வட்டமாகச் சுற்றுகிறது. மறுமுனை தண்டவாளத்தில் உருண்டோ, ஊஞ்சல்போல் ஆடியோ முன்பின் போகிறது. இடையிலுள்ள மிதி இரண்டும் கலந்த பாதையில் செல்லும். சட்டம் குட்டையாக இருந்தால் பாதை ஒருபக்கம் புடைத்து முட்டை வடிவாகும். ஆனாலும் பெயரில் நீள்வட்டம் இருக்கட்டும், வாங்குபவருக்கு உருவம் உடனே விளங்கும். இலங்கைப் பாடநூல் வழக்கில் அது ‘நீள்வளையம்’ என்பதையும் கையேட்டில் குறித்துவிடுங்கள்.

இதைவிட அவசரமாகச் சொல் தேவைப்படுவது ஸ்ட்ரைட் லெங்த்துக்கு. ‘வீச்சு’ வேண்டாம், இயற்பியலில் வீச்சு நடுவிலிருந்து ஓரம் வரை, அதாவது பாதி. இதுவோ மிதியின் முன்கோடி முதல் பின்கோடி வரை. ‘அடிநீளம்’ என்றால் 12 அங்குல அடியோடு குழம்பும். ‘காலெட்டு’ பொருந்துமா? கால் எட்டும் தூரம்.

----

காலெட்டு நன்று. கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியதும் அதுவே. உயரம் 160 செ.மீ.க்குள் என்றால் 40 செ.மீ. போதும், 175 வரை 45, அதற்கு மேல் 50. விலை குறைந்தவற்றில் 30, 35 என்றும் வருகிறது. காலெட்டு குறுகினால் முழங்கால் மடங்கியபடியே இருக்கும், நின்றுகொண்டு சைக்கிள் மிதிப்பதுபோல் ஆகிவிடும்.

ஃபிளைவீலுக்குச் ‘சமன்சக்கரம்’ என்பேன். மிதி உச்சியிலும் அடியிலும் இருக்கும் நொடியில் காலின் அழுத்தம் கிராங்கைச் சுழற்றாது. அந்த இடத்தைக் கடத்திவிடுவது சக்கரத்தில் சேர்ந்த ஆற்றல்தான். வேகத்தைச் சமன் செய்வதே அதன் வேலை. ‘எடைச்சக்கரம்’ என்று எழுதினால் வாங்குபவர் கிலோவை மட்டும் பார்ப்பார். ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது: பெல்ட் புல்லி விகிதத்தால் இருமடங்கு வேகத்தில் சுற்றும் 6 கிலோ சக்கரம், அதே அளவும் அமைப்பும் உள்ள 12 கிலோ சக்கரத்தைவிட இருமடங்கு ஆற்றலைத் தாங்கும். ஆகவே மெல்ல மிதித்துப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடத்தில் திக்கினால் அது வேண்டாம்.

மிதிப்பைக் கடினமாக்கும் தடை காந்தத்தால் வருகிறதா என்றும் கேளுங்கள். காந்தம் சக்கரத்தைத் தொடாமலே, அதன் உலோகத்தில் தோன்றும் சுழல் மின்னோட்டத்தால் இழுத்துப் பிடிக்கிறது. தேயாது, சத்தமும் இல்லை. உரசும் பட்டை வைத்த கருவியில் பட்டை தேயத் தேயத் தடை மாறும்.

----

‘சமன்சக்கரம்’ சேர்க்கிறோம். இன்னும் இரண்டு.

கியூ ஃபாக்டர்: ‘மிதியிடைவெளி’. நடக்கையில் நம் பாதங்கள் நெருங்கியே விழும். மிதிகளின் உள்விளிம்புகளுக்கிடையே 5 செ.மீ.க்கு மேல் இருந்தால் கால் அகண்டு, இடுப்பிலும் முழங்காலின் வெளிப்புறத்திலும் வலி வரலாம். விவரப் பட்டியலில் பெரும்பாலும் இராது. கடையில் டேப் வைத்து அளக்க வேண்டும்.

மிதி உச்சிக்கு வரும்போது தரையிலிருந்து உள்ள உயரத்துக்கு ‘உச்சிமிதி உயரம்’. 175 செ.மீ. ஆள், 35 செ.மீ. உச்சிமிதி, மேலே 15 செ.மீ. இடம் என்றால் 225 செ.மீ. வேண்டும். ஏழடிப் பரணுக்குக் கீழே (சுமார் 213 செ.மீ.) இடம் போதாது.

----

பராமரிப்புப் பகுதிக்கும் சொற்கள்: கிராங்கை ‘வணரி’ என்றே எழுதலாம், பொறியியல் தமிழில் உள்ளதுதான். சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்று கேட்டால் வணரியின் போல்ட் தளர்ந்திருக்கும். அப்படியே மிதித்தால் தண்டின் சாவிப்பள்ளம் (வணரி வழுக்காமல் பிடிக்கும் பள்ளம்) தேய்ந்து, வணரியையே மாற்ற நேரும். பூட்டி இரண்டு வாரம் கழித்து எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். சில கருவிகளில் இடப்பக்க மிதித்தண்டு இடமரை (எதிர்த்திசையில் முறுக்கும் மரை). வலப்பக்கம் போலவே முறுக்கினால் கழன்றுவிடும். ‘இடமரை’ என்ற சொல் பட்டறைகளில் வழங்குவதே, அதையும் பட்டியலில் ஏற்றுங்கள்.