குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியை உடனே வெட்டினார்களா, காத்திருந்தார்களா?

மதுரை அம்மா:
மூத்தவளுக்குப் பிறந்த கையோடு கிளாம்ப் போட்டுக் கொடியை வெட்டி, சூடு தரும் வார்மர் படுக்கைக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். சின்னவனுக்கு ஒன்பதாம் மாதச் செக்கப்பிலேயே டாக்டரிடம் கேட்டுவைத்தேன். "குழந்தை நல்லா அழுதா ஒரு நிமிஷத்துக்கு மேல விடுவோம்மா. மூச்சுக்குத் திணறினா வெட்டித்தான் ஆகணும்" என்றார். அவன் வீறிட்டு அழுதான். என் வயிற்றின் மேல் போட்டுத் துண்டால் மூடினார்கள். நீலமாக, வழவழவென்று, நாடி மாதிரி துடித்துக்கொண்டிருந்த கொடி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துத் துவண்டது. அப்புறம்தான் கத்திரி. உங்களுக்கெல்லாம் எப்படி?

லேபர் வார்டு நர்ஸ்:
நான் படித்த காலத்தில் 'குழந்தை வந்ததா, வெட்டு' என்பதுதான் பாடம். தாய்க்கு ரத்தப்போக்கு குறையும் என்றார்கள். குறைத்தது கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசிதான், அவசரமாக வெட்டியது இல்லை. இப்போது ஊசியை உடனே போட்டுவிட்டுக் கொடிக்குக் காத்திருக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 1 முதல் 3 நிமிடம். அதற்குள் நஞ்சுக்கொடியிலிருந்து 80 முதல் 100 மில்லி வரை ரத்தம் குழந்தைக்குப் போய்விடும். மூன்று கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே கால் லிட்டர்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற மாதங்களில் அந்த ரத்தத்தில் இருக்கும் இரும்புச்சத்துதான் கைகொடுக்கும். 2011இல் வந்த ஸ்வீடன் ஆய்வில், நான்காம் மாதம் பார்த்தபோது, உடனே வெட்டிய குழந்தைகளில் 5.7 சதவீதம் பேருக்கு இரும்புச்சத்துக் குறைபாடு. 3 நிமிடம் காத்திருந்தவர்களில் 0.6 சதவீதம்தான்.

எங்கள் சிக்கல் வேறு. ரெண்டு டேபிளிலும் ஒரே நேரத்தில் தலை தெரிகிற ராத்திரியில் அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று எங்களைக் கேளுங்கள்!

திருச்சி அப்பா:
எங்கள் பையனுக்கும் காத்திருந்துதான் வெட்டினார்கள். மூணாம் நாள் மஞ்சள் ஏறி நீல லைட்டில் வைத்தார்கள். மாமியார் இன்றைக்கும் கொடியைத்தான் குற்றம் சொல்கிறார்.

லேபர் வார்டு நர்ஸ்:
மாமியார் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது சார். காத்திருந்தால் லைட் தேவைப்படுவது சற்றே கூடும். ஆனால் உடனே வெட்டிய குழந்தைகளும் அதே லைட்டில்தான் படுத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போகுமுன் ரத்தத்தில் மஞ்சள் அளவை, அதாவது பிலிருபினை, பார்த்துவிடுங்கள்.

குறைமாத அம்மா:
எனக்கு சிசேரியன், எட்டு மாதம்கூட ஆகவில்லை. அப்படியும் காத்திருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ "நாப்பது... அம்பது..." என்று விநாடி எண்ணினார்கள். அறுபதில் குழந்தைகள் டாக்டர் வாங்கிக்கொண்டார்.

புதுசா அப்பாவாகப் போகிறவன்:
கொடி ரத்தத்தைப் பையில் எடுத்துச் சேமித்துவைக்கிற ஸ்டெம் செல் பேங்குக்குப் பணம் கட்டியிருக்கிறோம். காத்திருந்தால் பைக்கு ரத்தம் குறையுமாமே?

லேபர் வார்டு நர்ஸ்:
குறையும்தான் தம்பி. என்னைக் கேட்டால் குழந்தைக்கே விட்டுவிடச் சொல்வேன். எதுவானாலும் இந்த வாரமே டாக்டரிடம் பேசிவிடுங்கள். வலி வந்தபிறகு அதைப் பேச யாருக்கும் நேரம் இருக்காது.