ஏத்தத்துல வலிக்காத முட்டி இறக்கத்துல மட்டும் ஏன் வலிக்குது?

பள்ளத்தாக்குப் பையன்:
பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) ரெண்டாம் வருஷம் படிக்கிறேன், ஊரு கம்பம் பக்கம். எங்கம்மா விடியக்காலை ஜீப்புல கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போறவங்க. ஏத்தத்துல மூச்சுதான் வாங்குதாம், இறக்கத்துலதான் முட்டிச்சில்லுக்குப் பின்னாடி குத்துதாம். இறங்கும்போது தொடைத்தசை எக்சென்ட்ரிக்காத்தான (அதாவது நீண்டுக்கிட்டே சுமையைத் தாங்கி) வேலை செய்யுது? அதுக்குச் சக்தி கம்மியாத்தான் செலவாகும்னு வகுப்புல படிச்சோம். அப்ப இறக்கம் லேசா இருக்கணுமே, எங்க இடிக்குது?

குமுளி பிசியோ அக்கா:
தம்பி, மூச்சு ஒரு கணக்கு, முட்டி வேற கணக்கு. நீ ரெண்டையும் ஒரே நோட்டுல எழுதுற.

எக்சென்ட்ரிக் செலவு கம்மிங்கிறது நிஜம். 1952-ல அபாட், பிக்லாண்ட், ரிச்சி மூணு பேரும் ரெண்டு சைக்கிளை முதுகோட முதுகா வச்சு ஒரே செயின்ல பூட்டினாங்க. ஒருத்தர் முன்னாடி மிதிக்க, இன்னொருத்தர் பெடலைத் தடுத்துப் பிடிக்கணும், இதுதான் எக்சென்ட்ரிக் வேலை. லண்டன் ராயல் சொசைட்டியில இதைக் காட்டினப்ப, தடுத்துப் பிடிச்ச சின்ன உருவப் பொண்ணு, மிதிச்ச வாட்டசாட்டமான ஆம்பளையைச் சுலபமா களைக்க வச்சிருச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச பரிசோதனை இது. ஆனா அது அளந்தது ஆக்சிஜன். மூட்டுல விழுற அமுக்கத்தை இல்ல.

அமுக்கத்துக்கு வா. உங்கம்மா 50 கிலோன்னு வை. ஒத்தக்கால்ல நின்னு இறங்கும்போது எடைக்கோடு (உடம்பு எடை நேரா கீழ இறங்குற கோடு) முட்டிக்கு 10 செ.மீ. பின்னாடி விழுந்தா, முட்டியை மடக்கப் பார்க்குற திருப்பம் (டார்க்) 500 கிலோ-செ.மீ. சில்லுக்குக் கீழ இருக்குற தசைநாணுக்கு நெம்புகோல் நீளம் சுமார் 4 செ.மீ.தான். அப்ப இழுவிசை 125 கிலோ. (பரீட்சையில நியூட்டன்ல எழுது, இல்லைன்னா மார்க் போயிரும்.) மேல தொடைத்தசை, கீழ தசைநாண், ரெண்டு இழுப்பும் சமம்னு வச்சுக்கிட்டா, 60 பாகை மடக்குல சில்லை உள்ள அமுக்குறதும் அதே 125. அதே இழுப்புக்கு 90 பாகையில 1.4 மடங்கு. காலை நீட்டிட்டா ரெண்டு இழுப்பும் கிட்டத்தட்ட எதிரெதிர்த் திசை, அமுக்கம் சொற்பம்.

சரி, ஏறும்போதும் முட்டி மடங்குதேன்னு கேப்ப. ஏறும்போது உடம்பு தானா முன்னால சாயும். எடைக்கோடு முட்டிக்கிட்ட வரும், பிட்டத்தசை பங்கு போட்டுக்கும், பின்கால் கெண்டைத்தசையும் தள்ளிவிடும். இறக்கத்துல விழுந்துருவோம்கிற பயத்துல யாரும் முன்னால சாய மாட்டாங்க. முதுகை நிமித்திட்டா மொத்தமும் தொடைத்தசை தலையில. அதுவும் கீழ இருக்குற கால் தரையைத் தொடுற வரைக்கும் மேல்கால் முட்டி மடங்கிக்கிட்டே போகுது. முதுகுல மூட்டை வேற இருந்தா எடைக்கோடு இன்னும் பின்னாடி போகும்.

வாளையார்க்காரன்:
ஒண்ணு சேர்த்துக்கங்க. எக்சென்ட்ரிக்ல அதே சுமையைக் கம்மியான நார்களே தாங்குது. அதனால ஒவ்வொரு நாருக்கும் இழுப்பு அதிகம். சபரிமலை இறங்கி வந்த மறுநாள் தொடையைத் தொட்டாலே கத்துறது இதனாலதான். ஆனா அது தசைவலி, சில நாள்ல போயிரும். அம்மாவுக்கு இருக்கிறது சில்லு வலி, குழப்பிக்காதீங்க.

பள்ளத்தாக்குப் பையன்:
ரொம்ப நன்றிக்கா. அப்ப குத்தவைக்கவே கூடாதா? ஏலக்காய் செடி அடியில தரையோட கிடக்கு, குனிஞ்சும் குத்தவச்சும்தான் எடுத்தாகணும்.

குமுளி பிசியோ அக்கா:
கூடாதுன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்புற ஆளு நான் இல்ல. கூலி யார் தருவா? மடக்கு கூடக்கூட சில்லு தொடை எலும்புல படுற பரப்பும் கூடுது, அதனால விசை ஏறுற அளவுக்கு அழுத்தம் (அந்தப் பரப்புல ஒவ்வொரு இடத்துக்கும் விழுற பங்கு) ஏறாது. முழுசா குத்தவச்சா தொடைத்தசை நாணே எலும்புல படிஞ்சு கொஞ்சம் சுமையை வாங்கிக்கும். உக்காந்திருக்கிறதை விட, எந்திரிக்கிறதும் பாதி மடக்குல நிக்கிறதும்தான் படுத்தும். எந்திரிக்கும்போது கையைத் தொடையில ஊனச் சொல்லு.

பயிற்சிக்கு, பாதம் தரையில ஊனி இருந்தா முட்டி மடக்கு 0-ல இருந்து 45 பாகைக்குள்ள. காலைத் தொங்கவிட்டு நீட்டுறதா இருந்தா 90-ல இருந்து 45 வரைக்கும். இந்த ரெண்டும் ஏன் தலைகீழா இருக்குன்னு நீயே வரைஞ்சு பாரு, வைவாவுல (வாய்மொழித் தேர்வுல) கட்டாயம் கேப்பாங்க.

இறக்கத்துல வலிக்கிற கால் முதல்ல கீழ போகணும், அப்பத்தான் உடம்பை இறக்குற வேலை நல்ல கால்ல விழும். பக்கவாட்டா இறங்கினாலும் சரி. கம்பு கொடுத்தா அம்மா வாங்க மாட்டாங்க, தெரியும். ஜீப்புல இருந்து மட்டும் குதிக்க விடாத. வண்டியைப் பார்த்துத் திரும்பி, கம்பியைப் பிடிச்சு, முன்னால சாஞ்சபடி காலைக் கீழ வைக்கச் சொல்லு.