31ஆம் பக்கத்துக்கு ஒரு சத்தம்

வாட்ஸ்அப் குழு: தாத்தா வீடு
சனிக்கிழமை இரவு 8 மணி

கவின்: பெரியம்மா, சாப்பிட்டாச்சா? சத்தமே இல்லாத சத்தத்துக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும்.

பெரியம்மா: இப்போதுதான் சாப்பிட்டேன். கொஞ்சம் விளங்கச் சொல் கண்ணா.

கவின்: நானும் மீனா அக்காவும் இன்னும் மூன்று பேரும் ஒரு மங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, தமிழில் கொண்டுவருகிறோம். 42 பக்கச் சிறுகதை. 31ஆம் பக்கத்தில் தம்பி வீட்டுக்கு வருகிறான், அக்கா இல்லை. காலி அறை. அதன் குறுக்கே பெரிதாக ‘ஷீஈஈன்’ என்று எழுதியிருக்கிறது. ஜப்பானியர்கள் அமைதிக்கும் ஓர் ஒலி வைத்திருக்கிறார்கள்.

முரளி மாமா: ஞாயிற்றுக்கிழமை இரவில் போனும் கையுமாக இருப்பாயே, அந்தப் படக்கதையா?

அம்மா: அதேதான் அண்ணா. எட்டரை ஆனால் சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டான்.

கவின்: அம்மா, அப்போதுதான் ஜப்பானில் திங்கட்கிழமை பிறக்கும். ஷோனென் ஜம்ப் வார இதழின் புது அத்தியாயங்கள் வரும் நேரம். 2019இலிருந்து பதிப்பகமே மங்கா ப்ளஸ் செயலியில் அவற்றை ஆங்கிலத்தில் இலவசமாகப் போடுகிறது. ஸ்பானிஷ், தாய்லாந்து, வியட்நாமிய மொழிகளும் உண்டு. தமிழ் இல்லை. இந்தச் சிறுகதை ஆங்கிலத்திலும் வரவில்லை.

முரளி மாமா: நீங்கள் செய்ய அனுமதி வாங்கினீர்களா?

கவின்: இல்லை மாமா. அதை மறைக்க மாட்டேன். காசு வாங்குவதில்லை, விளம்பரம் இல்லை. ஆனாலும் உரிமை வரைந்தவருடையதுதான். முறையான மொழிபெயர்ப்பு வந்தால் அன்றே எங்களுடையதை எடுத்துவிடுவோம் என்று முதல் பக்கத்திலேயே போடுகிறோம். அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன்களுக்கு வசனம் போட்ட பழைய ரசிகர் குழுக்கள் பலவும் அப்படித்தான் செய்தன.

மீனா அக்கா: அந்தப் புத்தகத்தை இங்கே ஜப்பானில் சைத்தாமாவில் கடையில் வாங்கினேன் மாமா. அதைப் பார்த்துத்தான் மொழிபெயர்த்தேன். 1990களில் அமெரிக்க ரசிகர்கள் வீடியோ கேசட்டில் வசனம் சேர்த்து, நகல் எடுத்துத் தபாலில் அனுப்புவார்கள். கேட்பவர் வெற்றுக் கேசட்டும் தபால் செலவும் கொடுத்தால் போதும். அப்போதிருந்து வருகிற வேலை இது.

முரளி மாமா: சரி. ஆனால் உங்களுக்குத்தான் ஆங்கிலம் தெரியுமே. தமிழுக்கு ஏன் இத்தனை பாடு?

மீனா அக்கா: இந்தக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா எழுதிய கடிதம். ‘உன்னை நான் வெறுத்தது’ என்று 36ஆம் பக்கம் முடிகிறது. தாளைத் திருப்பினால் ‘இல்லை’. ஜப்பானியத்திலும் நம்மைப் போலவே வினை கடைசியில்தான் வரும். ஆங்கிலத்தில் அந்த ‘இல்லை’ முன்பக்கத்திலேயே வந்துவிடும், அல்லது வாக்கியத்தையே வேறு மாதிரி வளைக்க வேண்டும். தமிழில் நான் எதையும் நகர்த்தவில்லை. அப்படியே உட்கார்ந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை மாமா.

கவின்: அப்புறம் ‘ஒனேசான்’. ஆங்கிலத்தில் சிஸ்டர் என்று போட்டால் மூத்தவளா இளையவளா என்று தெரியாது. அதனால் ரசிகர்கள் பல இடங்களில் ஜப்பானியச் சொல்லையே விட்டு ஓரத்தில் குறிப்பு எழுதுவார்கள். நமக்கு ‘அக்கா’ போதும்.

அம்மா: அப்படியென்றால் சுலபம்தானே? ஏன் நாலு நாளாகக் கண் சிவந்து கிடக்கிறாய்?

கவின்: பக்கத்தைத் துடைக்க வேண்டும் அம்மா. அந்த ‘ஷீஈஈன்’ சன்னல் கம்பிமேலும் திரைச்சீலை மடிப்புமேலும் ஓடுகிறது. எழுத்தை அழித்தால் கீழே வெறும் வெள்ளை. கம்பியையும் மடிப்பையும் அவர் கைபோலவே திரும்ப வரைய வேண்டும். வசனக் கூடு இன்னொரு தொல்லை. ஜப்பானியம் மேலிருந்து கீழே எழுதுவது, கூடுகள் ஒல்லியாக உயரமாக இருக்கும். அதில் ‘காத்துக்கொண்டிருக்கிறேன்’ எப்படி நுழையும்? ‘இங்கேயே இருக்கேன்’ என்று மாற்றினோம். மென்பொருளில் கொம்பு வேறு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறது.

பெரியம்மா: மழைக்கு என்ன சத்தம் போடுகிறார்கள்?

மீனா அக்கா: ஸாஆ ஸாஆ. மின்னுவதற்குக் கிராகிரா. நெஞ்சு அடித்தால் டோக்கிடோக்கி.

பெரியம்மா: சோ. மினுமினு. திக்திக். அடடா, முப்பது வருடம் இரட்டைக்கிளவி நடத்தினேன், இப்படி ஓர் உறவு இருப்பது தெரியவில்லையே.

முரளி மாமா: ‘நிசப்தம்’ என்று போடலாமா?

பெரியம்மா: அது தகவல், ஒலி இல்லை. நம் கிணற்றடியில் மத்தியானம் ஆள் அரவமே இருக்காது. அப்போது காதுக்குள் ஒன்று இரையுமே, ‘ஙொய்’ என்று. அதைப் போடு.

மீனா அக்கா: பெரியம்மா, சொல் அருமை. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு ‘ஙொய்’ என்றாலே ஒரு வசவு ஞாபகம் வரும். அந்தப் பக்கத்தில் யாரும் சிரிக்கக் கூடாது.

பெரியம்மா: அப்படியா. சரி, மூக்கொலியை மட்டும் வை. ‘ங்ங்ங்’. இழுத்து எழுது.

கவின்: பெரியம்மா!! கொம்பே இல்லை!

கவின்: இருங்கள், போட்டுப் பார்க்கிறேன்.

கவின்: 📷 படம்

கவின்: சன்னலிலிருந்து வாசல் வரை ‘ங்ங்ங்ங்ங்’. கடைசி எழுத்தைத் தம்பியின் செருப்புக்குப் பக்கத்தில் சின்னதாக விட்டிருக்கிறேன்.

அம்மா: அந்த அறையைப் பார்த்தாலே என்னவோ போல இருக்கிறது. அக்கா எங்கேடா போனாள்?

கவின்: 37ஆம் பக்கம் வரை பொறுங்கள் அம்மா.

பெரியம்மா: வலமிருந்து இடமாகத்தானே படிக்க வேண்டும்? முழுதும் முடிந்ததும் எனக்கு அச்செடுத்துக் கொண்டுவா. போனில் எழுத்து தெரியவில்லை.